சீசன் வேலைக்குப் போகட்டும், எழுதி வாங்கிக்கொண்டு

கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஓர் அப்பாவின் கேள்வி: "பொண்ணு பிளஸ் டூ பரீட்சை முடிஞ்சதும் ரெண்டு மாசம் ஒரு அட்வென்ச்சர் கேம்ப்ல வேலை பார்த்தா. இனி அதுதான் வேணும்ங்கிறா. கணக்குன்னாலே ஒதுங்குவா. என் தம்பி கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் சீட் பேசி வச்சிருக்கான். தோட்டத்தை அடமானம் வச்சா கட்டிடலாம். என்ன செய்யட்டும் சார்?"

தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள். பச்சைத் தேயிலை விலை அடுத்த மாதம் என்ன என்று தெரியாமல் மாதாமாதம் வட்டிக்கு எங்கே போவீர்கள்? கணக்கு என்றாலே ஒதுங்குகிற பிள்ளை என்று நீங்களே சொல்கிறீர்கள். அரியர் எழுதப் போவது அவள், கடன் கட்டப் போவது நீங்கள். சீட் பேசியவருக்கு இரண்டிலும் பங்கில்லை.

கேம்பில் என்ன செய்தாய் என்று அவளிடம் கேட்டேன். ஜிப்லைனில், அதாவது கம்பிவடத்தில் தொங்கிச் சறுக்கிப் போக வந்த குழந்தையின் இடுப்புப் பட்டைக்குள் விரல் விட்டு இழுத்துப் பார்த்தாளாம். கொக்கியின் திருகு பூட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாளாம். அப்புறம் இன்னொரு அக்காவைக் கூப்பிட்டு மறுபடியும் பார்க்கச் சொன்னாளாம். ஊர் சுற்ற ஆசைப்படும் பிள்ளை இப்படிப் பேசாது.

ஆனால் சம்பள விஷயத்தில் அவளுக்குக் கண்டிப்பு போதாது. 'ட்ரெய்னிங்' என்று முதல் இரண்டு வாரம் சும்மா வேலை வாங்கியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் பிடித்திருக்கிறார்கள். கடைசி மாதச் சம்பளம் "சீசன் முடியட்டும்" என்று நின்றுபோயிருக்கிறது. பாதியில் ஆள் ஓடிவிடக் கூடாது என்று பிடித்து வைப்பது சீசன் வேலையில் பழைய வழக்கம். அதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலைநாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்பது ஊதியச் சட்டம். கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி. நாள்கூலியா மாதச் சம்பளமா, மழையால் கேம்ப் விளையாட்டுகள் நடக்காத நாளுக்குக் கூலி உண்டா, சாப்பாட்டுக்குப் பிடித்தம் எவ்வளவு, விபத்துக் காப்பீட்டில் அவள் பெயர் இருக்கிறதா என்று நான்கையும் சேருமுன் தாளில் வாங்குங்கள். தாள் தராத இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

எந்த இடம் என்பதும் முக்கியம். 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அன்றன்று வரும் கூட்டத்தை நம்பும் மையம் கூட்டம் குறைந்தால் முதலில் நிறுத்துவது சீசன் ஆளைத்தான். பள்ளிக் குழுக்கள் முன்பதிவில் வரும் மையத்தைத் தேடுங்கள். அங்கே ஏப்ரல், மே தாண்டியும் வேலை இருக்கும். மாணவிகள் வரும் முகாமுக்குப் பெண் பயிற்றுநர் வேண்டும் என்று பள்ளிகளே கேட்கின்றன. "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இது" என்று கேட்கும் உறவினருக்கு இதையே சொல்லுங்கள்.

கையில் சான்றிதழ் இல்லாதவரை அவள் கூலி ஆள்தான். அடிப்படை மலையேற்றப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனம், இரண்டிலும் நடக்கிறது. பெண்களுக்கெனத் தனி பேட்ச்சும் நடத்துவார்கள். அரசு நிறுவனங்கள் என்பதால், ரயில் செலவையும் சேர்த்தால்கூட மேனேஜ்மென்ட் கோட்டாவின் ஒரு செமஸ்டர் கட்டணத்தைத் தொடாது. முடிச்சு, பாறை ஏற்றம், பனியில் நடப்பது, முதுகில் சுமையோடு மலை ஏறுவது எல்லாம் உண்டு. 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த உயர்நிலைப் பயிற்சி. அதன் பிறகு கற்பிக்கும் முறைப் பயிற்சி. அதையும் முடித்தவர் சீசன் ஆளாகவே இருக்க வேண்டியதில்லை, பயிற்றுநராக மாதச் சம்பளம் பேசலாம். கூடவே முதலுதவிப் பயிற்சியும் கட்டாயம் வேண்டும். பட்டம் வேண்டுமென்றால் தொலைநிலையில் படிக்கட்டும்.

இரண்டு வருடம் போய் அவளே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தோட்டம் உங்கள் கையில்தான் இருக்கும். இப்போதைக்கு, மலையேற்றப் பயிற்சிக்கான விண்ணப்பத்தோடு மருத்துவத் தகுதிச் சான்று கேட்பார்கள், அதை வாங்கி வையுங்கள். இடம் கிடைக்கச் சில மாதம் ஆகலாம். அதுவரை தினமும் காலையில் ஓடச் சொல்லுங்கள், வாரத்தில் இரண்டு நாள் பத்துப் பதினைந்து கிலோ பையை மாட்டிக்கொண்டு மேடேறட்டும்.