உட்கார்ந்த நிலையில் அளவெடுங்கள்

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சிறிய தையல்கடை வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பெண் ஒருவர், வயது 22. மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, கைகளுக்குக் குறையில்லை. அண்ணன் கல்யாணத்துக்குப் பஞ்சாபி சூட் ஒன்றும் சேலை ஒன்றும் வேண்டுமாம். அவர் அம்மா பழைய அளவுத் துணியைக் கொடுத்திருக்கிறார். அதை வைத்தே தைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. அது நின்றபோது எடுத்த அளவு. உட்கார்ந்தே இருக்கும் உடலுக்கு அதே அளவில் தைத்தால் சிலுவார் (பஞ்சாபி சூட்டின் கால்சட்டை) முதுகுப்பக்கம் இறங்கி இடுப்பைக் காட்டும், வயிற்றருகே துணி குவியும், கால் நீளம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். அந்தப் பெண்ணையே வரச் சொல்லுங்கள், அல்லது வீட்டுக்குப் போய் அவருடைய நாற்காலியிலேயே அளவெடுங்கள். நிறம், கழுத்து, கை நீளம் எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்காமல் அவரிடமே கேளுங்கள். உடுத்தப்போகிறவர் அவர்தானே.

முதலில் சிலுவார். முன் இடுப்பை வழக்கத்தைவிட 3, 4 செ.மீ. இறக்கி, பின் இடுப்பை 5 முதல் 8 செ.மீ. வரை உயர்த்தி வெட்டுங்கள். முழங்கால் மடங்குவதால் நீளத்தில் 4, 5 செ.மீ. கூடுதலாக விடுங்கள். இவை தொடக்க அளவுகள்தான். மலிவான பருத்தித் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்த பிறகே நல்ல துணியில் கத்தரி வையுங்கள். நாடா வேண்டாம். முன்னால் தட்டையான பட்டி, பின்னால் மென்மையான அகல எலாஸ்டிக் போதும். சுடிதார் போலக் காலை இறுக்கும் வெட்டும் வேண்டாம். அசைவில்லாத கால்களில் வீக்கம் வருவதுண்டு, உடுத்திவிடுவதும் சிரமம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உட்காரும் இடத்தில் வரும் தையல். உணர்ச்சி உள்ளவர்கள் ஒரு மடிப்பு உறுத்தினால் தானாக அசைந்து உட்கார்ந்துவிடுவோம். அவருக்கு அந்த உறுத்தல் தெரியாது. தடித்த தையலோ, நாடா முடிச்சோ, பின்பாக்கெட்டோ மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து தோல் புண்ணாகும். அழுத்தப்புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் பட்டியாலா போன்ற கொசுவம் பின்பக்கம் வேண்டவே வேண்டாம். பின்பாக்கெட், லேபிள், கல், ஜரிகை, சம்க்கி எதுவும் உட்காரும் இடத்திலும் முதுகிலும் வரக்கூடாது. தையல் விளிம்பை இருபக்கமும் விரித்துத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். இரட்டை மடிப்புத் தையல் போடாதீர்கள். குழாய் வழியே சிறுநீர் சேரும் பையைக் காலில் கட்டியிருக்கிறாரா என்பதைத் தனியாக இருக்கும்போது மரியாதையாகக் கேளுங்கள். இருந்தால் உட்புறக் காலில், கெண்டைக்கால் பக்கம், 20 செ.மீ. ஜிப் வைத்துவிடுங்கள், குழாய் செல்லும் தொடைப்பகுதி தளர்வாக இருக்கட்டும்.

மேல்சட்டையின் பின்பாகத்தை இருக்கை தொடும் உயரத்தோடு நிறுத்துங்கள். நீளமாக விட்டால் அதன் மேலேயே உட்கார நேரும், கழுத்துப் பின்னால் இழுபடும். முன்பாகம் முழங்கால் வரை வரட்டும். உட்கார்ந்திருக்கும்போது பார்வைக்கு முழுச் சட்டைதான். பக்கவாட்டில் அகலமான குடை வெட்டு சக்கரத்தில் சிக்கும். கைகளை முன்னால் நீட்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி இருக்கும்போது முதுகின் குறுக்களவை எடுத்து, 2, 3 செ.மீ. கூட்டுங்கள். முக்கால் கை நல்லது. நீண்ட கை ஓரம் சக்கரத்தில் உரசி அழுக்காகும். துப்பட்டா வேண்டுமென்றால் இரு தோளிலும் தைத்து, நுனி மடியோடு முடியட்டும். தொங்கவிட்ட துப்பட்டா சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இறுக்கிவிடும்.

சேலையை இரண்டு துண்டாக்கலாம், அவர் சம்மதித்தால் மட்டும். முன்கொசுவத்தைத் தைத்து, மெல்லிய பருத்திப் பாவாடையின் முன்பக்கத்தில் பொருத்துங்கள்; பின்பக்கம் வெறும் பாவாடைத் துணிதான். அப்போது ஐந்தரை மீட்டர் துணியின் சுற்றுகள் அவருக்கு அடியில் மடிந்து கிடக்காது. கொசுவம் நாற்காலியின் கால்மிதிக்கு 3 செ.மீ. மேலே முடிய வேண்டும். முந்தானை தனித்துண்டாக ரவிக்கைத் தோளில் இருக்கட்டும், கைப்பிடியைத் தாண்டக்கூடாது. ரவிக்கைக்கு முன்கொக்கி, முதுகில் கயிறும் குஞ்சமும் வேண்டாம்.

திறப்புகளுக்குப் பெரிய வளையம் மாட்டிய ஜிப் அல்லது 2 செ.மீ. வெல்க்ரோ போடுங்கள். வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கம் தோலைப் பார்க்கட்டும். மூடியே துவைக்கச் சொல்லுங்கள், இல்லையேல் நூலைப் பிடித்துச் சேலையைக் கெடுத்துவிடும். காந்தப் பொத்தான் அழகுதான், ஆனால் உடலுக்குள் பேஸ்மேக்கரோ மருந்துப் பம்போ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

டாமி ஹில்ஃபிகர் நிறுவனம் 2016இல் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கென உடைகளை விற்கத் தொடங்கியது. ஆனால் பஞ்சாபி சூட்டையும் சேலையையும் இந்த அளவில் எந்தப் பெரிய கம்பெனியும் தைத்து அனுப்பாது. இங்கே அதைச் செய்யக்கூடியவர் உங்களைப் போன்ற தையல்காரர்தான். இதற்கென்று தனிக்கூலி கேட்காதீர்கள். வழக்கமான கூலியே நியாயம்.

கடைக்கு முன் அஞ்சடியில் (கடை வாசல் நடைபாதையில்) படி இருந்தால் சாய்தளப் பலகை ஒன்று வையுங்கள். 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும், அதைவிடச் செங்குத்தானால் நாற்காலி பின்னால் கவிழக்கூடும்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே உடையைக் கொடுத்து, வீட்டில் அரை மணி நேரம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். கழற்றியதும் அவர் அம்மா தோலைப் பார்க்கட்டும். சிவந்த தடம் இருந்தால், அது எந்தத் தையலுக்கு நேராக இருக்கிறதோ அந்தத் தையலைப் பிரித்து இடம் மாற்றுங்கள். தடம் மறையவே இல்லையென்றால் அன்றைக்கே கிளினிக்கில் காட்ட வேண்டும்.