'அசல் பெட்டி' என்று எழுதி விற்றார், பெட்டி மறுபதிப்பு

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். நான்கு மாதம் முன்பு இணையத்தில் ஒரு தனியாளிடம் கோர்கி நிறுவனத்தின் 261ஆம் எண் பொம்மைக் காரை, அதாவது ஜேம்ஸ் பாண்டின் தங்க நிற ஆஸ்டன் மார்ட்டின் டிபி5ஐ, 420 பவுணுக்கு வாங்கினேன். '1965, அசல் பெட்டியுடன்' என்பது விளம்பரம். பெட்டி மறுபதிப்பு என்று போன வாரம்தான் தெரிந்தது. சின்ன வயதில் அப்பா வாங்கித் தராத கார் அது. விற்றவர் மரியாதையில்லாமல் பதில் எழுதுகிறார். முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கவா? அல்லது அதே விலைக்கு வேறு யாரிடமாவது தள்ளிவிடவா?

பதில்: அப்பாவையும் அவமரியாதையையும் விடுங்கள், நீதிபதி இரண்டையும் கேட்கமாட்டார். உங்கள் வழக்கு 'அசல் பெட்டியுடன்' என்பதில் நிற்கிறது. தனியாள் விற்றால் தரம் பற்றிக் கேட்க முடியாது. ஆனால் விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்ற 1979 விற்பனைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அவருக்கும் பொருந்தும். அந்த விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே எடுங்கள். இவ்வளவு சிறிய தொகைக்கு நீதிமன்றத்தின் 'சிறு கோரிக்கை' நடைமுறை இருக்கிறது.

என்னைக் கவலைப்பட வைப்பது நீங்கள் அனுப்பிய படம். காரைப் பிரிக்க அடித்தட்டை இறுக்கிய ரிவெட் ஆணியைத் துளைத்த தடம் பளபளக்கிறது. ஆளைத் தூக்கியெறியும் இருக்கைக்குப் புது ஸ்பிரிங் போட்டிருக்கிறீர்கள், இல்லையா? பொருளைச் சொந்தப் பொருளாகக் கையாண்டால், ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். காரைத் திருப்பிக் கொடுத்து 420 பவுணும் கேட்கும் வழி அதோடு அநேகமாக அடைபட்டுவிட்டது. காலதாமதமும் அப்படித்தான். 1944இல் ஒருவர் ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்தது என்று நம்பி 85 பவுணுக்கு ஓர் ஓவியம் வாங்கினார். 5 வருடம் கழித்து அது அவர் வரைந்ததல்ல என்று தெரிந்தது. ஒப்பந்தத்தை ரத்துசெய்ய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1950இல் மறுத்துவிட்டது.

மிஞ்சுவது நட்டஈடு: அசல் பெட்டிக்கும் மறுபதிப்புக்கும் உள்ள விலை வித்தியாசம். அந்தக் காருக்குப் பெட்டி, ரகசியக் குறிப்பு உறை, உதிரி வில்லன் பொம்மை எல்லாம் சேர்ந்தால்தான் சேகரிப்பவர் முழு விலை கொடுப்பார். அதனால் வித்தியாசம் சிறியதாக இருக்காது. பொம்மை ஏலக்காரர் ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்.

'தள்ளிவிடவா' என்ற கேள்விக்கு வருகிறேன். வழக்கறிஞரான என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் விழுந்த குழி அதுதான். உங்களுக்கு விற்றவர் தெரியாமல் எழுதியிருக்கலாம். நீங்கள் தெரிந்துகொண்டே 'அசல்' என்று எழுதினால் அது 2006 மோசடிச் சட்டத்துக்குள் வரும். வாங்கியவருக்கு நட்டம் வந்ததா என்றுகூடப் பார்க்கமாட்டார்கள். 'பெட்டி போலி' என்று உங்களுக்கு விற்றவருக்கு நீங்களே அனுப்பிய மின்னஞ்சல்தான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி. விற்பதானால் 'மறுபதிப்புப் பெட்டி, ஸ்பிரிங் மாற்றியது' என்று எழுதி விற்கலாம்.

மதிப்பீட்டில் வித்தியாசம் 150 என்று வந்தால் 150 கேளுங்கள், 100 தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முழுத் தீர்வு என்று இருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். காரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதை மறுபடி பிரிக்காதீர்கள்.