வீட்டுத் தோட்டத்தில் பீன்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மார்ச் முதல் வாரத்தில் மொட்டை மாடியில் ஆறு பைகளில் பீன்ஸ் விதைத்தேன். செடிகள் செழித்து வளர்ந்து ஏப்ரலில் நிறையப் பூத்தன. ஆனால் ஒரு பூகூடப் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிட்டது. வாரந்தோறும் பஞ்சகவ்யம் தெளித்தும் பயனில்லை. மாடிக்குத் தேனீக்கள் வராததுதான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?
— வாசகி, தாம்பரம்

பதில்: தேனீக்கள் மேல் பழி போட வேண்டாம். நாம் சந்தையில் வாங்கும் பிரெஞ்சு பீன்ஸ் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். பூ விரிவதற்கு முன்பே பெரும்பாலும் மொட்டுக்குள்ளேயே அந்த வேலை முடிந்துவிடும். உங்கள் செடியைத் தோற்கடித்தது சென்னையின் ஏப்ரல் வெயில். அதிலும் பகல் வெயிலைவிட இரவின் புழுக்கம். பீன்ஸுக்கு ஏற்றது 16 முதல் 24 டிகிரி வரையிலான வெப்பம். பகலில் 30 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாமல் இருந்தால், மொட்டுக்குள் உருவாகும் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். அப்படிப்பட்ட பூ அழகாக விரியும், ஆனால் கருவுறாமல் காம்போடு உதிரும். இதற்கு எந்த ஊட்டக் கரைசலும் மருந்தாகாது. தழைச்சத்து மிகுந்த உரத்தை மேலும் மேலும் கொடுத்தால், இலை பெருகுமே தவிரக் காய் வராது.

எனவே விதைக்கும் நாளைப் பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கொடி படராமல் குட்டையாக வளரும் குத்துப் பீன்ஸ், விதைத்த 35 முதல் 40 நாட்களுக்குள் பூக்கும். சென்னையில் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்குவது டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும்தான். ஆகவே நவம்பர் நடுவில், மழை சற்று ஓய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து விதைப்பது நல்லது. அப்போதும் பையில் நீர் தேங்காதபடி அடியில் துளைகள் இருக்க வேண்டும். ஈரத்தில் ஊறிக் கிடக்கும் விதை முளைக்காமல் அழுகிவிடும். இதே காரணத்தால் விதையை இரவு முழுவதும் ஊறவைப்பதும் கூடாது. நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதும் பீன்ஸுக்கு ஒத்துவராது. செம்மண், மட்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்த மண்ணில் மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நேரடியாக ஊன்றுங்கள்.

உங்கள் மாடிக்குக் கொடி வகையைவிடக் குத்து வகையே பொருந்தும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ‘அர்க்கா கோமல்’ என்னும் குத்து ரகம் பந்தல் கேட்காதது. குளிர் மாதங்கள் குறுகியதாக உள்ள இடத்தில் விரைவில் காய்த்து முடிவது பெரிய வசதி. மற்றொன்றையும் கவனியுங்கள்: காய்கறிப் பயிர்களில் உப்பு நீரை மிகக் குறைவாகத் தாங்குவனவற்றுள் பீன்ஸும் ஒன்று. ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்து, இலை விளிம்பு கருகுவதைக் கண்டால், மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் போஞ்சி என்று நாங்கள் சொல்லும் பிரெஞ்சு பீன்ஸை இங்கே தோட்டத்தில் வளர்த்துப் பழகிவிட்டேன். சென்ற ஆண்டு அயலவர் ஒருவர் சிவப்புப் பூப் பூக்கும் ரன்னர் பீன்ஸ் விதை தந்தார். ஜூலை முழுவதும் பூத்தும் சில காய்களே பிடித்தன. அவையும் நாராக இருந்தன. போஞ்சியைப் போலவே வளர்த்தது பிழையா?
— வாசகர், லண்டன்

பதில்: இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்றாலும் தனித்தனி இனங்கள். முளைக்கும்போதே வேறுபாடு தெரியும். போஞ்சியின் பருப்பு இரண்டாகப் பிளந்து மண்ணுக்கு மேலே எழும். ரன்னர் பீன்ஸின் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா ஆகிய இடங்களின் குளிர்ந்த மலைப்பகுதிகள்தாம் ரன்னர் பீன்ஸின் தாயகம். பிரிட்டனின் கோடை அதற்குப் பெரும்பாலும் இதமானது; வறண்டு சூடேறும் வாரங்களில்தான் அது தடுமாறும்.

தாம்பரம் வாசகிக்குச் சொன்னதற்கு மாறாக, இங்கே தேனீக்கள் இன்றியமையாதவை. பெரிய வண்டுத்தேனீக்கள் பூவின் மேல் அமர்ந்து அழுத்தினால்தான் இதில் மகரந்தச் சேர்க்கை நன்றாக நடக்கும். நாக்குக் குட்டையான சில தேனீக்கள் பூவின் அடியில் துளையிட்டுத் தேனை மட்டும் உறிஞ்சிச் சென்றுவிடும்; உதிர்ந்த பூக்களை எடுத்துப் பார்த்தால் அந்தத் துளை தெரியும். காற்று மறைவான இடத்தில், பூச்செடிகளுக்கு அருகில் நட்டால் தேனீக்களின் வரவு கூடும். மொட்டு தோன்றிய நாள் முதல் வேர் வறண்டுவிடக் கூடாது. பூவின் மேல் நீர் தெளிக்கும் பழக்கத்தைவிட, அடி மண் நனைய ஊற்றி இலைக்குப்பையால் மூடாக்கு இடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

உறைபனி முடிந்த பிறகு, மே நடுவில் தொடங்கி ஜூன் வரை வெளியே விதைக்கலாம். எட்டடி மூங்கில் கழிகளைக் கூம்பாகக் கட்டி, கழிக்கு இரண்டு விதை வீதம் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, முளைத்தபின் வலுவானதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நார் பற்றிய உங்கள் குறை பறிக்கும் நாளைப் பொறுத்தது. காய் 15 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கும்போதே, விதை புடைக்கும் முன், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பறித்துவிட வேண்டும். முற்றிய காய் இரண்டு கொடியில் தங்கினாலே, கொடி புதிதாகக் காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். விடுமுறைக்குப் போகிறீர்கள் என்றால், பறித்துக்கொள்ளும்படி அயலவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: எங்கள் கொடி பீன்ஸ் இலைகளின் அடியில் செங்கல் தூள் போலப் புள்ளிகள், தொட்டால் விரலில் ஒட்டுகிறது. விதைக்கு எடுத்துவைக்கலாமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: அது துரு நோய், இலை ஈரமும் பனிமூட்டமும் நீடிக்கும் மலைத் தோட்டங்களில் வழக்கமாக வருவது. நோயுற்ற இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். இலை நனைந்திருக்கும் காலை வேளையில் கொடிகளுக்கிடையே நடமாடவும் பறிக்கவும் வேண்டாம். ஈரத்தோடு உராயும்போது பல நோய்கள் செடிக்குச் செடி பரவும். நீரை அடியில் மட்டும் ஊற்றுங்கள். அடுத்த முறை வேறு பாத்தியில், இன்னும் சற்று இடைவெளி விட்டு ஊன்றுங்கள். துரு நோய் விதை வழியாகப் பரவுவதில்லை. ஆனால் காயின் மேல் குழிந்த கரும்புள்ளிகள் இருந்தால் அது விதை வழியாகவும் பரவும் ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சை நோய். அந்தக் காயின் விதையை ஒருபோதும் எடுக்காதீர்கள்.

கேள்வி: கொடியில் முற்றிக் காய்ந்த பீன்ஸ் விதைகளைச் சமைத்து உண்ணலாமா? பச்சையாக முளைகட்டலாமா?
— வாசகி, மதுரை

பதில்: உண்ணலாம், ஆனால் முளைகட்டிப் பச்சையாக வேண்டவே வேண்டாம். இந்த விதைகளில் லெக்டின் என்னும் நச்சுப் புரதம் உண்டு. சில விதைகளே கடும் வாந்தியை உண்டாக்கப் போதும். ரன்னர் பீன்ஸுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, பின்பு மெத்தென்று ஆகும்வரை வேகவையுங்கள். கொதிநிலை எட்டாமல் இளஞ்சூட்டில் நெடுநேரம் வைக்கும் மின்சாதனங்களில் இதை நேரடியாகச் சமைக்கக் கூடாது. அரைகுறைச் சூட்டில் அந்த நச்சு அழிவதில்லை. உங்கள் பிரஷர் குக்கரே இதற்குப் போதும்.