பெட்ரோல் ஆவியும் போல்ட் போட்ட மெக்கானிக்கும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் பழைய பெட்ரோல் காருக்கு டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்திய ஒர்க்‌ஷாப்காரர், டேங்க் ஆவியைப் பிடிக்கும் கரி நிரம்பிய கேனிஸ்டர் இனித் தேவையில்லை என்று கழற்றிவிட்டு, ஹோஸ் வாயில் போல்ட்டைச் செருகிவிட்டார். ஓசூர் சாலையில் சற்று நேரம் ஓட்டினாலே வண்டி திணறுகிறது. பம்பை மாற்ற வேண்டும் என்கிறார். (அல்சூர்)

பதில்: மாற்றாதீர்கள். டேங்க்கில் பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். அந்த வழியைத்தான் அவர் அடைத்திருக்கிறார். மூடியிலுள்ள வால்வும் ஒட்டிக்கொண்டிருந்தால், உள்ளே வெற்றிடம் கூடி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் என்ஜினுக்குப் போதிய பெட்ரோல் போகாது. அடுத்த முறை திணறும்போது ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, மூடியைத் திறந்து பாருங்கள்: காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, பிறகு வண்டி சீராக ஓடினால் குற்றவாளி பம்ப் அன்று.

டர்போவுக்காகக் கேனிஸ்டரைக் கழற்ற வேண்டியதே இல்லை. என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம், கேனிஸ்டரிலிருந்து ஆவியைத் திறந்துவிடும் பர்ஜ் வால்வு வழியாக அதை இழுத்து என்ஜினில் எரிக்கிறது. டர்போ அழுத்தம் ஏறும்போது காற்று எதிர்த்திசையில் கேனிஸ்டருக்குள் புகாமல் தடுக்க, பர்ஜ் வால்வின் ஹோஸில் ஒருவழி வால்வு வேண்டும்.

இதில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. பொருத்தியதற்கெல்லாம் பில் எழுதுகிறவர்கள் கழற்றியதை எழுதுவதில்லை, அந்தப் பாகத்தைத் திருப்பித் தருவதுமில்லை, அதனால் வரும் கோளாறுக்கும் நம்மிடமே காசு கேட்கிறார்கள். கேனிஸ்டரைத் தம் செலவில் திரும்பப் பொருத்தித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டர்போவுக்கு அனுமதி வாங்கினீர்களா என்று எதிர்த்தரப்பு கேட்கக்கூடும். வாகனத்தில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: பங்க்கில் கட்-ஆஃப் ஆன பிறகும் மூடி வரை நிரப்பச் சொல்வேன். கேனிஸ்டர் கெடுமா? (கே.ஆர்.புரம்)

பதில்: கெடும்.

கேள்வி: இடம் போதாததால் கேனிஸ்டரை எடுத்துவிட்டு, டேங்க் ஹோஸை டிக்கிக்குள் விட்டிருக்கிறேன். லேசாக வாடை வருகிறது. சிறு ஃபில்டர் போட்டால் போதுமா? (ஜாலஹள்ளி)

பதில்: போதாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. டிக்கியின் அடியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். சரிசெய்யும் வரை காரை ஓட்ட வேண்டாம், அபார்ட்மென்ட்டின் அடித்தளத்தில் நிறுத்தவும் வேண்டாம். வாடை வந்த பிறகும் எனக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருந்தீர்களா?

கேள்வி: ஜே.சி. ரோட்டில் பழைய கேனிஸ்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (சிவாஜி நகர்)

பதில்: புதிதுபோல் துடைத்து வைத்த ஒன்றை ஒரு கடைக்காரர் என் தலையிலும் கட்டினார். உள்ளே கரி நொறுங்கியிருந்தது. தூள் பர்ஜ் வால்வுக்குள் போய், அதையும் புதிதாக வாங்க நேர்ந்தது. பழையதைத்தான் வாங்குவீர்கள் என்றால், குழாய் வாயைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். கரித்தூள் கொட்டினாலோ, கைக்குக் கனமாக இருந்து பச்சைப் பெட்ரோல் வாடை அடித்தாலோ, விலை பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.