கோயம்பேட்டில் வாங்கினால் மாதம் 2,000 ரூபாய் மிச்சமாகுமா?

கேள்வி: சென்னை வளசரவாக்கத்தில் நாங்கள் நான்கு பேர். காய்கறிக்கு மாதம் 4,800 ரூபாய் ஆகிறது. வாரா வாரம் கோயம்பேடு மொத்தச் சந்தைக்குப் போனால் பாதி விலைதான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மிச்சமாகும் 2,000 ரூபாயை ஆர்.டி.யில் (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்புக் கணக்கு) போடலாம் என்று இருக்கிறோம். சரிவருமா?

பதில்: ஆர்.டி. சரி, 2,000தான் இடிக்கிறது.

பேப்பரில் வரும் கோயம்பேடு விலை, மூட்டையாகவும் பெட்டியாகவும் எடுக்கும் வியாபாரிக்கானது. அதே வளாகத்தில் இரண்டு கிலோ, ஐந்து கிலோ என்று நிறுத்துத் தரும் கடைகளில் அதற்கு மேல்தான் சொல்வார்கள். சரி, பெட்டியாகவே எடுத்துவிடலாமே என்றால், அங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

தக்காளியையே எடுத்துக்கொள்ளுங்கள் (இங்கே வரும் விலைகள் எல்லாம் கணக்குக்காக, அன்றன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள்). 14 கிலோ பெட்டி 300 ரூபாய். கிலோ 21 ரூபாய் சொச்சம், தெருக்கடையில் 35. ஆனால் நான்கு பேருக்கு நாளுக்கு அரைக் கிலோ போதும். பழுத்த பழம் வெளியில் ஐந்தாறு நாளுக்கு மேல் தாங்காது. மேல்வரிசை பளபளக்கும், அடியில் பாரம் தாங்காமல் நசுங்கியது நான்கைந்து கிடக்கும். அந்தச் சாறு பட்ட பழமெல்லாம் மறுநாளே பூஞ்சை பிடிக்கும். கடைசியில் ஆறு கிலோதான் குழம்புக்குப் போனது என்றால், கிலோ 50 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். நான்கு வீடு சேர்ந்து ஒரு பெட்டி எடுத்து, வந்த கையோடு தரையில் கொட்டிப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டால் மட்டும் இது கட்டுப்படியாகும்.

உங்களுக்கு லாபம் தருவது கெடாத சரக்கு. ஒரு மாதத்துக்குப் பெரிய வெங்காயம் 10 கிலோ (கிலோவுக்கு 12 ரூபாய் குறைவு என்றால் 120), சாம்பார் வெங்காயம் 3 கிலோ (25 வீதம் 75), உருளை 6 கிலோ (15 வீதம் 90), பூண்டு ஒரு கிலோ (80), தேங்காய் 12 (10 வீதம் 120). ஆக 485 ரூபாய். சேதாரத்துக்கு 50 கழியுங்கள். போய்வர 12 கிலோமீட்டர். பெட்ரோல், வண்டித் தேய்மானம், பார்க்கிங் எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு 70. கையில் நிற்பது 365. இதே சரக்கை வாரம் ஒரு நடையாக நான்கு தடவை போய் வாங்கினால் 155தான் நிற்கும். போன இடத்தில் இருவர் இட்லி, வடை, காபி சாப்பிட்டால் அதுவும் போச்சு!

கீரை, பீன்ஸ், வெண்டை எல்லாம் வாசலில் வரும் வண்டியிலேயே வாங்குங்கள். மாதம் ஒரு நடை போதும். லாரிகள் இரவிலேயே இறங்கிவிடும். ஆனால் வெங்காயத்துக்காக யாரும் விடிகாலை நான்கு மணிக்கு ஓட வேண்டியதில்லை.

வெங்காயத்தின் கழுத்தை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் உள்ளே அழுகத் தொடங்கிவிட்டது. ஈரம் காயாத புதுச் சரக்கும் அப்படித்தான், மாதம் தாங்காது. பச்சை ஏறிய உருளையும் கண் கசியும் தேங்காயும் வேண்டாம். வீட்டில் வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போட்டால் இரண்டும் சீக்கிரம் கெடும். முடிந்தால் ஒரு கைத்தராசு கொண்டுபோங்கள். மூட்டையாக எடுக்கும்போது சாக்கின் எடை கழிக்கப்பட்டதா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டு மாதம் இப்படி வாங்கி, வாங்கியது, எறிந்தது, போக்குவரத்து மூன்றையும் எழுதி வையுங்கள். ஆர்.டி. அதற்குப் பிறகு. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம், ஐந்து வருடக் கணக்கு. 350 போட்டால் அசல் மட்டும் 21,000. இப்போதே 2,000 என்று தொடங்கினால் மூன்றாம் மாதமே தவணை தவறும். தவறிய தவணைக்கு 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் அபராதம் உண்டு. வெங்காய விலை ஏறும் மாதங்களில் கடைக்கும் சந்தைக்கும் உள்ள வித்தியாசம் கூடலாம், குறையலாம். அதனால் உங்கள் நோட்டில் வரும் இரண்டு மாத மிச்சத்தில் எது குறைவோ, அதற்கே ஆர்.டி. போடுங்கள்.