மாலையில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனால் உண்மையிலேயே பணம் மிச்சமாகுமா?

கேள்வி: சிறிய வடிவமைப்பு நிறுவனம் நடத்துகிறேன். அலுவலகத்தில் 20 டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு பார்த்தால் 12 கம்ப்யூட்டர்களாவது ஓடிக்கொண்டேதான் இருக்கும். "அடிக்கடி அணைத்துப் போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும், போடும்போதுதான் கரண்ட் அதிகம் இழுக்கும்" என்கிறார் எங்கள் மேலாளர். இதற்கிடையில், கம்ப்யூட்டர்களைத் தானாக அணைக்கும் மென்பொருளை ஆண்டுச் சந்தாவுக்குத் தருகிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். கட்டுப்படியாகுமா?

பதில்: மிச்சமாகும். ஆனால் அந்தச் சந்தாவைக் கட்டாமலேயே மிச்சமாகும். கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் 9 மணி நேரம், 5 நாள் வேலை என்றால் உங்கள் ஆட்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது 45 மணி நேரம்தான். மீதி 123 மணி நேரமும் அது யாருக்காகவும் ஓடவில்லை. விடுமுறைகளையும் சேர்த்தால் வருடத்துக்குச் சுமார் 6,500 மணி நேரம் வரும்.

வேலை எதுவும் செய்யாமல் சும்மா ஓடும் டெஸ்க்டாப் பெரும்பாலும் 30 முதல் 80 வாட் வரை இழுக்கும். கிராபிக்ஸ் கார்டு போட்டது என்றால் இன்னும் கூடலாம். நடுவாக 50 வாட் என்று வைத்துக்கொள்வோம். 6,500 மணி நேரத்துக்கு 325 யூனிட். அணைத்த பிறகும் பிளக்கில் இருக்கும்வரை ஓரிரு வாட் போய்க்கொண்டுதான் இருக்கும். அதைக் கழித்தாலும் ஒரு கம்ப்யூட்டருக்கு 300 யூனிட்டுக்குக் குறையாது. உங்களுடைய 12 கம்ப்யூட்டருக்கு வருடம் 3,600 யூனிட். இதை உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மானிட்டர் தானாக அணைந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. இரவெல்லாம் ஸ்கிரீன் சேவர் ஓடுகிறது என்றால் மானிட்டருக்குத் தனியாக 20, 25 வாட் சேரும். பழைய குழாய் மானிட்டர்களில் ஒரே படம் திரையில் பதிந்துவிடாமல் இருக்க வந்த ஏற்பாடு ஸ்கிரீன் சேவர். அது மின்சாரத்தை மிச்சப்படுத்தாது.

என் 50 வாட்டை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். பிளக்கில் செருகி அளக்கும் சிறிய வாட் மீட்டர் கிடைக்கும். ஒரே ஒரு கம்ப்யூட்டரில் ஓர் இரவு மாட்டிவைத்தால் உங்கள் அலுவலகத்தின் சொந்த எண் கையில் வந்துவிடும்.

தொகை சின்னதாகத் தோன்றினால் இதையும் பாருங்கள். உங்கள் நிகர லாபம் 10 சதவீதம் என்றால், மின்கட்டணத்தில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் 10 ரூபாய்க்குப் புதிதாக வேலை பிடித்ததற்குச் சமம். அதற்கு முதலீடு இல்லை, வாடிக்கையாளரிடம் அலைச்சல் இல்லை, பாக்கி வசூல் இல்லை. இந்த வருடம் கிடைப்பது அடுத்த வருடமும் கிடைக்கும். ஒரு நிறுவனத்துக்கு இவ்வளவு சுலபமான வருமானம் அமைவது அபூர்வம்.

சரி, மேலாளரின் பயத்துக்கு வருவோம். கம்ப்யூட்டர் முழுதாகத் தயாராக 2 நிமிடம் ஆகிறது, அந்த நேரத்தில் 100 வாட் இழுக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அது 4 நிமிடம் சும்மா ஓடும் செலவுதான். ஓர் இரவு என்பது 15 மணி நேரம். கெட்டுப்போகும் என்ற பேச்சு பழைய ஹார்டு டிஸ்க் காலத்து மிச்சம். அந்த டிஸ்க்குகளே பல்லாயிரம் முறை நின்று ஓடும்படி வடிவமைக்கப்பட்டவைதான். நீங்கள் வருடத்துக்கு 250 முறை அணைத்தால் 10 வருடத்துக்கு 2,500 முறை. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது வரும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. உண்மையில் இரவு முழுக்க ஓடுவதால்தான் மின்விசிறி தேய்கிறது, உள்ளே தூசி சேர்கிறது. மின்தடை வரும் இடமானால் யுபிஎஸ் பேட்டரியும் யாருமில்லாத கம்ப்யூட்டர்களுக்காக அடிமட்டம்வரை வடிந்து, ஆயுளை இழக்கும். பேட்டரி மாற்றும் செலவு மின்கட்டணத்தில் தெரியாது, ஆனால் அதுவும் உங்கள் பணம்தான்.

சந்தா விஷயம். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவாக இருந்தாலும், இத்தனை நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் ஸ்லீப்புக்கு, அதாவது மிகக் குறைந்த மின்சாரத்தில் தூங்கும் நிலைக்கு, போ என்று சொல்லும் வசதி உள்ளேயே இருக்கிறது, இலவசம். 20 கம்ப்யூட்டரில் அதைப் போட்டுவிட அரை நாள் போதும். பல ஊர்களில் கிளைகள், நூற்றுக்கணக்கில் கம்ப்யூட்டர்கள் என்றால் மட்டும் தனி மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஒரு கம்ப்யூட்டருக்கான சந்தாவை, மேலே போட்ட கணக்கின் தொகையோடு வைத்துப் பார்த்துவிட்டுத்தான்.

பணியாளர்களைத் திட்டாதீர்கள். அவர்கள் அணைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும்: காலையில் பத்து ஃபைலை மறுபடி திறக்க வேண்டும். ஹைபர்நேட் செய்யச் சொல்லுங்கள். திறந்திருப்பதை எல்லாம் டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அணையும், காலையில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஸ்லீப்பில் எல்லாம் மெமரியில் நிற்பதால், மின்சாரம் போனால் சேமிக்காத வேலையும் போய்விடும். அதனால் ஸ்லீப் மதிய உணவுக்கு, இரவுக்கும் வார விடுமுறைக்கும் ஹைபர்நேட் அல்லது முழுதாக அணைப்பது. இரவில் ரெண்டரிங் (வடிவமைப்பை இறுதிப் படமாக மாற்றும் வேலை) ஓடும் கம்ப்யூட்டர், சர்வர், பேக்கப் எடுக்கும் பெட்டி இவற்றைத் தொடவே வேண்டாம். "அணைக்காதே" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அப்டேட்டுகளை மதிய இடைவேளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழித்துப் பலனைப் பார்க்கும்போது போன மாத பில்லோடு ஒப்பிடாதீர்கள், ஏசி அந்தக் கணக்கைக் குழப்பிவிடும். போன வருடம் இதே மாதங்களில் எத்தனை யூனிட் ஓடியது என்று எடுத்து, விலையை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.