லிட்டரைப் பார்த்து வாங்காதீர்கள்: ஏர் ஃபிரையர் கேள்வி-பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏர் ஃபிரையரைப் பற்றியவை. வீட்டிலேயே அன்னாசி பஃப், மாம்பழ பஃப், தார்ட் சுடலாம் என்று வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். நீளமான கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: வீட்டில் ஆறு பேர். பிள்ளைகளுக்குப் பழ பஃப் செய்து கொடுக்க ஏர் ஃபிரையர் வாங்க வேண்டும். 4 லிட்டர் ஒன்றும் 6 லிட்டர் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். பெரியதையே எடுத்துவிடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: லிட்டர் கணக்கை மறந்துவிடுங்கள், அக்கா. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அந்த எண் கூடையின் கொள்ளளவு. உயரத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு வருகிறது. முழுக் கோழி வைப்பவருக்கு உயரம் உதவும். பஃப்பை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க முடியாது. ஒரே வரிசையில், இடைவெளி விட்டு வைத்தால்தான் காற்று சுற்றி வரும். அதனால் உங்களுக்கு வேண்டியது தரைப் பரப்பு. குறுகலாக உயர்ந்து நிற்கும் 6 லிட்டர் கூடையைவிட அகலமான 4 லிட்டர் கூடையில் அதிக பஃப் வைக்கலாம்.

கடைக்குப் போகும்போது ஓர் அளவுநாடா எடுத்துப் போங்கள். கூடையின் அடித்தளம் 20 செ.மீ.க்கு 20 செ.மீ. என்றால், 10 செ.மீ. சதுர பேஸ்ட்ரி மாவுத் தாளை முக்கோணமாக மடித்துச் செய்யும் பஃப் நான்குதான் வசதியாக உட்காரும். ஆறு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் மூன்று தடவை சுட வேண்டும். தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அவ்வளவு நேரம் நிற்க முடியாது என்றால் இரண்டு தட்டு வைக்கும் அடுப்பு (ஓவன்) வகை ஏர் ஃபிரையரைப் பாருங்கள். அதில் மேல் தட்டு சீக்கிரம் சிவந்துவிடும். பாதியில் தட்டுகளை இடம் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது, எழுத்தில் இருக்கும்.

கேள்வி: கூடை அழகாக இருந்தது, வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு சமையலறை நிறத்தோடு ஒத்துப்போகவில்லை. மாற்றிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். கடைக்காரர் மறுத்தால் சட்டம் உங்கள் பக்கம் இல்லை.

கேள்வி: புது ஏர் ஃபிரையர். அன்னாசி பஃப் மேலே கருகுகிறது, அடியில் மாவு சொதசொதவென்று இருக்கிறது. கடையில் கொண்டு போய்க் காட்டினேன், எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார் தவுக்கே (கடை முதலாளி). கையேட்டைப் பெட்டியோடு போட்டுவிட்டேன். புகார் செய்யலாமா?
– வாசகர், கோலகங்சார்

பதில்: இதில் தவுக்கேயின் தவறு ஒன்றும் இல்லை, தம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இயந்திரமும் பழுதாகத் தெரியவில்லை. கையேட்டைப் படிக்காமலே தூக்கிப் போட்டுவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது சரியில்லை. இப்படிப் பத்துப் பேர் போனால், உண்மையிலேயே பழுதான பொருளோடு வருகிற பதினோராவது ஆளையும் அவர் நம்ப மாட்டார்.

ஏர் ஃபிரையர் என்பது சிறிய அடுப்புதான். சூடாக்கும் கம்பிச் சுருள் மேலே இருக்கிறது. அதற்கு மேலுள்ள விசிறி சூட்டைக் கீழே தள்ளுகிறது. அதனால் மேல்பக்கம் முந்திக்கொள்ளும். பெரிய அடுப்புக்கு எழுதிய செய்முறையில் 200 டிகிரி என்றிருந்தால் இதில் 180 வையுங்கள், நேரத்தையும் கொஞ்சம் குறையுங்கள். காலிக் கூடையை மூன்று நான்கு நிமிடம் சூடாக்கிவிட்டுப் பிறகு பஃப்பை வையுங்கள். கடைசி மூன்று நிமிடத்தில் திருப்பிப் போடுங்கள். அடி சிவந்துவிடும்.

பெரிய காரணம் பழம். அன்னாசியில் 86 விழுக்காடு தண்ணீர். மாம்பழமும் கொய்யாவும் எண்பதுக்குக் குறையாது. பச்சையாக நறுக்கி வைத்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் மாவுக்குள்தான் இறங்கும். அன்னாசியைத் துருவிப் பிழிந்து, சர்க்கரை போட்டு, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும் வரை கிண்டுங்கள். மாம்பழத்துக்கு ஒரு கரண்டி சோளமாவு கரைத்து ஊற்றலாம். நன்றாக ஆறிய பிறகுதான் தாளில் வைக்க வேண்டும். சூட்டோடு வைத்தால் மாவிலுள்ள கொழுப்பு உருகி, அடுக்கு அடுக்காக எழும்ப வேண்டியது அப்படியே படுத்துவிடும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். நம் ஊர் மதியத்தில் சமையலறையே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. காலையிலோ இரவிலோ செய்யுங்கள். மடித்து முடித்த பஃப்பைக் கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துச் சுடுங்கள். உள்ளே ஒரு கரண்டிக்கு மேல் வைக்காதீர்கள். மேலே கத்தியால் இரண்டு கீறல் போடுங்கள், ஆவி வெளியேறட்டும்.

கேள்வி: பஃப் பேஸ்ட்ரி தாள் விலை கூடிவிட்டது. உறைய வைத்த ரொட்டி சானாயை (பரோட்டா) வைத்துச் செய்யலாமா?

பதில்: தாராளமாக. வாழைப்பழத்துக்கு அதுதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். ஓரத்தை முள்கரண்டியால் நன்றாக அழுத்தி மூடுங்கள்.

கேள்வி: நாங்கள் மாட்டிறைச்சி தொடாத குடும்பம். கடையில் வாங்கும் பேஸ்ட்ரி தாளில் மாட்டுக் கொழுப்பு இருக்கும் என்று ஒருவர் பயமுறுத்திவிட்டார்.
– ஓர் அம்மா, சுங்கை சிப்புட்

பதில்: பயம் வேண்டாம், லேபிளைப் படியுங்கள். மாடு, பன்றி இவற்றிலிருந்து வந்த எந்தப் பொருள் சேர்ந்திருந்தாலும் அதை லேபிளில் எழுத வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறை. மலாய் லேபிளில் 'லெம்பு' (மாடு) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஹலால் முத்திரை இருக்கிறது, அதனால் நமக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முறைப்படி அறுத்த மாட்டின் கொழுப்பு ஹலால்தான். மேலே பூச முட்டை வேண்டாம் என்றால் பால் போதும்.

கேள்வி: வாங்கி ஒன்றேகால் வருடம் ஆகிறது. கூடையில் கறுப்புப் பூச்சு உரிகிறது. வேறு கூடை கேட்டால், "அந்த மாடல் இப்போது வருவதில்லை, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. 289 வெள்ளி (ரிங்கிட்) போட்டு வாங்கியது.
– தோட்டப் பள்ளி ஆசிரியை

பதில்: டீச்சர், இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, உங்கள் மேல் அல்ல. நான் முதலில் வாங்கிய ஏர் ஃபிரையரும் இப்படித்தான் போயிற்று. ஓடுகிற இயந்திரத்தை ஒரு கூடைக்காகத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

விற்கிறவர்கள் இதை ஒரு வழக்கமாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். இந்தப் பெட்டியில் முதலில் தேய்வது கூடைதான் என்பது விற்கிறவருக்கும் தெரியும், செய்கிறவருக்கும் தெரியும். தினமும் கையில் எடுத்து, கழுவி, தேய்க்கிற பாகம் அது. அதிலும் பழப் பலகாரம் செய்தால் சர்க்கரைப் பாகு ஒழுகிக் கூடையில் இறுகிவிடும். தெரிந்திருந்தும் கூடையைத் தனியாக விற்பதில்லை. வருடத்துக்கு ஒரு மாடல், மாடலுக்கு ஓர் அளவு. பழைய கூடை புதியதில் பொருந்தாது. உத்தரவாத அட்டையைத் திருப்பிப் பாருங்கள், மோட்டாருக்கு இரண்டு வருடம் என்று பெருமையாக எழுதியிருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் கூடைக்கும் பூச்சுக்கும் உத்தரவாதம் இல்லை என்று இருக்கும். கெடாத பாகத்துக்கு உத்தரவாதம் கொடுத்து, கெடுகிற பாகத்தைக் கழற்றிவிடுகிறார்கள். தோட்டத்துச் சம்பளத்தில் 289 வெள்ளி எத்தனை நாள் உழைப்பு என்று அவர்கள் யோசிப்பதில்லை.

ஆனால் சட்டம் யோசித்திருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவைக் கடைக்காரருக்குச் சொல்லுங்கள். பொருளை விற்ற பிறகு நியாயமான காலம் வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரி பாகமும் கிடைக்க உற்பத்தியாளரும் விற்பனையாளரும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அப்படிச் செய்ய மாட்டோம் என்றால் வாங்கும்போதோ அதற்கு முன்போ உங்களிடம் அறிவித்திருக்க வேண்டும். உங்களிடம் யாராவது சொன்னார்களா? பொருள் தரமாகவும் நியாயமான காலம் உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்று 32ஆம் பிரிவு வேறு இருக்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கல்லாவுக்கு மேல் எழுதி ஒட்டியிருந்தாலும் இந்த உரிமைகள் போகாது.

முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வேண்டாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். மன்றத்துக்காக ஈப்போவுக்கு அலைய முடியாதவர்கள் இணையத்திலேயே பதியலாம். ஒரு கூடைக்காக இவ்வளவா என்று யாராவது கேட்டால், ஆமாம், கூடைக்காகத்தான்.

அதுவரை உரிந்த கூடையில் சமைக்காதீர்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். இறுகிய பாகை வெந்நீரும் சவர்க்காரமும் ஊற்றி ஊற வைத்தால் தானாக விட்டுவிடும். துளை போட்ட பேக்கிங் தாள் விரித்துச் சுட்டால் பாகு கூடையைத் தொடாது. காலிக் கூடையைச் சூடாக்கும்போது மட்டும் தாளைப் போடாதீர்கள், காற்றில் மேலே பறந்து கம்பிச் சுருளில் பட்டுப் பற்றிக்கொள்ளும். வாங்கும்போதே, "இந்தக் கூடை தனியாகக் கிடைக்குமா, என்ன விலை?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கேள்வி: பசார் மாலாமில் (இரவுச் சந்தை) 60 வெள்ளிக்கு வாங்கியது. ரசீது இல்லை. பிளக்கில் இரண்டு முள்தான். சுவிட்சின் மேல் துளையில் பேனாவை நுழைத்துத் திறந்து பிளக்கைச் செருகுகிறேன். பிளக் சுடுகிறது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று எப்படிச் சொல்வேன்? இன்றே நிறுத்துங்கள், வீடு எரிந்துவிடும். சிரிம்–எஸ்டி என்ற பாதுகாப்புச் சான்று வில்லை இல்லாத, மூன்று முள் இல்லாத மின்சாதனத்தை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

கேள்வி: பழைய லயத்து வீடு. சமையலறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். எக்ஸ்டென்ஷன் போட்டு ஏர் ஃபிரையரும் கெட்டிலும் ஒன்றாகப் போடலாமா?

பதில்: கூடாது. 1,500 வாட் ஏர் ஃபிரையர் ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 2,200 வாட் கெட்டில் ஒன்பதுக்கு மேல். இரண்டும் சேர்ந்தால் 15ஐத் தாண்டும். அந்தப் பிளக் தாங்குவது 13. பஃப் சுடும்போது நேராகச் சுவரில் செருகி, அது ஒன்றை மட்டும் போடுங்கள். தேநீர் கொஞ்சம் பொறுக்கலாம்.

கேள்வி: தோட்டத்துக்கு வேனில் வந்தவர்கள் அம்மாவிடம் கீறிப் பார்க்கும் சீட்டைக் கொடுத்து, ஏர் ஃபிரையர் பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பரிசை வாங்க மற்ற சாமான்களையும் எடுக்க வேண்டுமாம். 680 வெள்ளி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்து நாள் ஆகிறது. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. தம்பியும் நானும் திட்டிவிட்டோம்.
– மகள்

பதில்: முதலில் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். அவர் பிள்ளைகளுக்குப் பலகாரம் செய்யலாம் என்று நினைத்திருப்பார், வேறு எந்தத் தவறும் செய்யவில்லை. ஏமாற்றுவதையே தொழிலாகப் பழகியவர்கள், வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் வருவார்கள்.

இன்னும் நேரம் இருக்கிறது. வாசலுக்கு வந்து விற்பதற்கு 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் இருக்கிறது. 300 வெள்ளியும் அதற்கு மேலும் போனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் செய்த நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள், காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். இன்றே ரத்துக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். சாமான்களைப் பிரிக்காதீர்கள், பெட்டியோடு அப்படியே இருக்கட்டும். ரசீதிலுள்ள நிறுவனப் பதிவு எண்ணை எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தில் சரிபாருங்கள். உள்நாட்டு வாணிப அமைச்சிலும் புகார் கொடுங்கள். ரசீதே தரவில்லை, பெயரும் பொய் என்றால் போலீஸ் புகார். வேன் எண்ணை அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்திருப்பார்கள், கேளுங்கள். எந்த இடத்திலாவது தடை வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், இதைப் பாதியில் விட வேண்டாம்.

கேள்வி: முகநூலில் பெரிய கம்பெனி ஏர் ஃபிரையர் 49 வெள்ளி என்று விளம்பரம். காசு அனுப்பிவிட்டேன். மூன்று வாரமாகப் பொருள் வரவில்லை.

பதில்: வராது. போலீஸ் புகார் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். இனி இப்படிப் பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்க வேண்டும், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள். விற்பவரின் பெயர், பதிவு எண், முகவரி, முழு விலை எல்லாம் போட்டிருக்க வேண்டும் என்பது இணைய வணிக விதி. அவை இல்லாத பக்கத்தில் 5 வெள்ளிகூட அனுப்பாதீர்கள்.

கேள்வி: வீட்டில் நல்ல அடுப்பு ஒன்று இருக்கிறது. கேக், தார்ட் எல்லாம் அதில் நன்றாக வருகிறது. எல்லாரும் வாங்குகிறார்களே, நானும் ஏர் ஃபிரையர் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம்.